எட்டடித் தூரத்தில் செவ்வாய்

ஆகஸ்ட் 20, 1924. புதன்.
விடியற்காலையிலிருந்து மழை. எங்கள் ஊர் சிலிபின் முழுவதும் சேறு. பத்திரிகையில்: வெள்ளியன்று செவ்வாய்க் கிரகம் பூமிக்கு மிக அருகில். அங்கே அறிவுள்ள உயிர்கள் உண்டாயின் ஏதேனும் சைகை வருமா என்று கம்பியில்லாத் தந்தி நிலையங்கள் காதுகொடுக்கின்றனவாம். சென்னையில் பட்டத்துக்கு வானியலும் படித்தேன். தொலைநோக்கியோ ஆண்கள் கல்லூரியில்; பெண்களை விடமாட்டார்கள். வயது அறுபத்து மூன்று. ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும்.

ஆகஸ்ட் 21. வியாழன்.
அண்ணன் மகன் சபாரத்தினம் (இனி ச.) அறிவித்தான்: நாளை மாலை அவன் தங்கை கமலத்தைப் பெண்பார்க்க வருகிறார்கள். இரு சாதகத்திலும் செவ்வாய் தோஷம்; பொருத்தமே அதனால்தான். மாப்பிள்ளையின் சித்தப்பா பக்கத்து ஊரான லகாட்டில் ஈயச் சுரங்கச் சர்வேயர். தொலைநோக்கி கொண்டுவருகிறாராம்!
ச.: "மாமி, நீங்கள் பின்னறையிலை இருங்கோ. கைம்பெண் முகத்திலை அவை முழிக்கக் கூடாது."
"செவ்வாயின்ரை முகத்திலை முழிக்கலாமோ?"
அவன் பின்னறைத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டான்.

ஆகஸ்ட் 22. வெள்ளி.
வானம் தெளிவு. ஆறு மணிக்கே அடைத்துவிட்டான். செய்யவேண்டியவை: சேலைக் கிழிசல் தைத்தல், கோபப்படாதிருத்தல். முன்னது முடிந்தது.
எட்டு மணி. முற்றத்தில் சிரிப்பு.
"தோடம்பழம் மாதிரி மஞ்சள்சிவப்பாயெல்லோ இருக்கு!"
"ஆக்கள் தெரியினமோ?"
"உன்ரை மாமன்தான் தெரியிறார். குழாயை மேலை தூக்கு."
எனக்கும் அதற்கும் எட்டடி. கதவைத் தட்டினேன்.
சர்வேயர்: "உள்ளுக்கு ஆர்?"
ச.: "ஒருத்தருமில்லை. எலி."
ஒரு தட்டு. இடைவெளி. இரண்டு. இடைவெளி. மூன்று.
"தம்பி, உங்கடை எலி எண்ணுது."
தாழ் விலகியது. கமலம், ஒரு கையில் பலகாரத் தட்டு. எவரையும் பாராமல் நேரே நடந்து குழாயில் கண்ணை வைத்தேன். ஒரு நிமிடம். செம்மை, ஓரத்தில் வெண்மை, மெல்லிய நடுக்கம். நிமிர்ந்தபோதுதான் மாப்பிள்ளையின் தாய் எழுந்து நிற்பதைக் கண்டேன்.

ஆகஸ்ட் 23. சனி.
லகாட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டு ஆள் வந்தான். அபசகுனம், சம்பந்தம் வேண்டாமாம். சர்வேயர் எதிர்த்துப் பேசினாராம், கேட்பாரில்லை. என்னுடைய ஒரு நிமிடம், கமலத்தின் செலவில். மன்னிப்புக் கேட்டேன், பழக்கமில்லாததால் சரியாக வரவில்லை.
"தாழைத் திறந்தது நான்தானே மாமி," என்றாள்.
அது ச.வின் காதில் விழுந்தது. அவளையும் என்னோடு பின்னறைக்குள் அனுப்பித் தாழிட்டான். கட்டில் ஒன்றுதான். தூக்கத்தில் உதைக்கிறாள்.