ஈரத்தோடு சுருட்டக் கூடாது

ஒக்டோபர் 14, செவ்வாய்

காலையில் மூடுபனி, பிறகு வெயில். வேனின் ஓனிங்கை, பக்கவாட்டில் விரியும் அந்தத் துணிக் கூரையை, விரித்துப் பார்த்தேன். மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவை. கம்பியைக் கொளுவி இழுத்ததும் பாதி வந்தது, பிறகு கிழியும் சத்தம். துணி முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். உள்ளே ஒரு பல்லி, முட்டைகளோடு. இவர் விழுந்த அன்று மழை. யாரோ ஈரத்தோடு சுருட்டியது, அப்படியே ஏழு மாதம்.

வேனை வாங்கக் கேட்டிருக்கும் கம்பளைக்காரர் வெளிநாட்டுக்காரர்களுக்கு வேன் வாடகைக்கு விடுகிறவர். ஓனிங் இல்லாவிட்டால் சும்மா வேன்தானே என்கிறார். துணி மாற்றித் தந்தால் ஞாயிறு வந்து பார்த்து எடுத்துக்கொள்வாராம்.

வேன் போக வேண்டும். மாத முடிவோடு என் லீவு முடிகிறது. நான் பள்ளிக்கூடம் போனால் பகலில் இவரைத் தூக்கி உட்கார வைக்க ஆள் வேண்டும். வேன் போனால்தான் ஆளுக்குக் காசு. இதை இவரிடம் சொல்லவில்லை.

கட்டிலில் இருந்து ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய துணியைக் கழற்றுவதைக் கண்டு இடது கையைத் தூக்கினார்.

"திருகோணமலை," என்றார்.

ஏப்ரலில் போக இருந்த பயணம். பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு நேரத்தில் ஒரு சொல்தான் வருகிறது. அந்த ஒன்றுக்கு இதை எடுத்தார். தலையாட்டினேன். ஆமா என்றா, கேட்டது என்றா, எனக்கே தெரியாது.

வாங்க: சவர்க்காரம், பம்பர்ஸ், பப்பாளி.

ஒக். 15, புதன்

கட்டுகஸ்தோட்டை. பாலத்தில் பஸ் நகரவேயில்லை. நவ்பர் நானாவின் கடை. ஓட்டோ ஹூட், லொறிப் படங்கு தைக்கிறவர். பழைய துணியை வெளிச்சத்தில் பிடித்து, இதில் நிழலை விட ஓட்டைதான் கூட என்றார். நீலமும் பச்சையும் உண்டு, அகலம் போதாது. நடுவில் ஒட்டு வரும், ஒட்டால் ஒழுகும். ஒட்டில்லாமல் வேண்டுமென்றால் வெள்ளை மட்டும்.

"மௌத்து வீட்டுக் கொட்டகைக்கு எடுக்கிற துணி, டீச்சர். பொறகு என்னைய ஏசக் கூடாது."

சாவு வீடு எதென்று துணிக்குத் தெரியாது என்றேன். சிரித்தார். விளிம்பில் கயிறு வைத்துத் தைக்கச் சொன்னேன். கயிறு இருந்தால்தான் உருளையின் பள்ளத்துக்குள் துணி நிற்கும்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒரு பெண் போனில்: "அவருக்கென்ன, சாஞ்சுட்டாரு. நான்ல நிக்கிறேன்." யாரைப் பற்றியோ. அடுத்த ஹோல்டிலேயே இறங்கி நடந்தேன்.

ஒக். 17, வெள்ளி

நானாவே கொண்டுவந்தார். ஜும்மாவுக்கு முன் முடிக்க வேண்டும் என்று அவசரம். உருளைக்குள் ஸ்பிரிங். ஆணி குத்தி நிறுத்தாமல் துணியை விட்டால் சுழன்று விரலை உடைக்கும். ஜன்னலில் இருந்து இவர்: "ஆணி." குத்தியாயிற்று என்று காட்டிய பிறகும்: "ஆணி." பள்ளத்துக்குச் சவர்க்காரம் பூசி, நானா அந்த முனையில் இழுக்க, நான் இந்த முனையில் ஊட்டினேன். இரண்டு தடவை கோணல். பிறகு சரி.

விரித்தோம். முற்றம் முழுக்க வெள்ளை வெளிச்சம். அழகாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

போகும்போது நானா இவரிடம், "சேர், இனி கடல்தான்," என்றார். இவர் சிரித்தார். வாயின் இடது பக்கம் மட்டும். ஏழு மாதத்தில் இப்போதுதான். நான் குசினிக்குப் போய்க் கோப்பை கழுவினேன். ஏற்கனவே கழுவிய கோப்பை.

பின்னேரம் மழை. புதுத் துணி நனைந்தது.

ஒக். 18, சனி

ஒழுங்காக எழுத வேண்டும். இல்லாவிட்டால் பிறகு வேறு மாதிரி ஞாபகம் வரும்.

காலையில் துணி காயவில்லை. விரித்தபடி விட்டு, இவரை அதன் கீழே கதிரையில் உட்கார வைத்தேன். வேலிக்கு முதுகு. வெள்ளைச் சாரம், பெனியன்.

பத்து மணிபோல் செல்வராஜ் அண்ணன், சாவு வீடுகளுக்குக் கதிரையும் கொடியும் கொடுக்கும் நம் ஒழுங்கையின் மரணாதார சங்கச் செயலாளர். ஓட்டோ நிறையப் பிளாஸ்டிக் கதிரை, மேலே வெள்ளைக் கொடிக் கட்டு. மேல் வீதியில் இருந்து கொட்டகை தெரிந்திருக்கிறது. டீச்சர் தனியாக என்ன செய்வார், சொல்லி அனுப்பக்கூட ஆளில்லையே என்று அவராகவே வந்துவிட்டார். கேட்டுப் பக்கம் கதிரைகளை வரிசையாகப் போட்டு, ஓட்டோவையும் அனுப்பிய பிறகுதான் இந்தப் பக்கம் வந்து இவரைக் கண்டார்.

"கோவிச்சுக்காதீங்க சேர். நீங்க இருக்கீங்கன்னு யாரும் சொல்லல."

கதிரைகளைத் திரும்ப ஏற்ற ஓட்டோ தேடி ஓடினார். இவருக்குத் தேத்தண்ணி போட நான் உள்ளே போனேன்.

அப்போது பார்த்துக் கம்பளைக்காரர். நாளை வர வேண்டியவர். வெள்ளைத் துணி, வரிசைக் கதிரை, நடுவில் பேசாமல் இருக்கும் ஒருவர். செருப்பைக் கழற்றினார். குரலைத் தாழ்த்தினாலும் குசினி ஜன்னலால் கேட்டது.

"ஐயா, நீங்க அவரோட அண்ணனா? பெரிய கவல. டீச்சர் வேனை விக்கிறேன்னு வரச் சொல்லியிருந்தாங்க. இப்ப அத பேசக் கூடாது. முப்பத்தொன்னாம் நாள் காரியம் முடிஞ்சு வந்து எடுக்கிறேன்னு மட்டும் சொல்லிடுங்க."

கேத்தல் கையில். நான் அசையவில்லை.

இவர் வாயைத் திரட்ட நேரம் எடுத்தது. அந்த மனிதர் குனிந்து காத்திருந்தார்.

"நான்தான்," என்றார்.

ஒக். 19, ஞாயிறு

மழை. பூசைக்குப் போகவில்லை.

கம்பளைக்காரர் நேற்று எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்டார். அதற்கிடையிலும் துணியை இழுத்துப் பார்த்தார், தையலைப் பார்த்தார். புதன் வந்து ஓட்டிப்போவாராம். தொழில்.

இவரிடம் எல்லாம் சொன்னேன். லீவு, ஆள். வேனின் படியில் இவரால் ஏற முடியாது, மலைப் பாதையில் அதை ஓட்ட என்னால் முடியாது. எல்லாக் காரணமும் சரி. இவர் மறுக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்ப முயன்றார். முடியவில்லை. நான்தான் திருப்பிவிட்டேன்.

ஒக். 20, திங்கள்

மழை. பக்கத்து வீடுகளில் தீபாவளி வெடி, பாதி நமுத்துப்போய். செல்வராஜ் அண்ணன் இன்றைக்குத்தான் கதிரைகளை எடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

துணியைச் சுருட்டப் போனேன். ஜன்னலில் தட்டினார்.

"காயட்டும்."

சனிக்கிழமைக்குப் பிறகு பேசிய முதல் சொல்.

ஒக். 21, செவ்வாய்

மழை. காலையில், "காஞ்சிருச்சா?" இல்லை. பின்னேரம் மறுபடி. இல்லை.

கம்பளைக்காரர் ஈரத்தோடு கொண்டுபோகட்டும், இனி அது அவர் துணி. இப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் நாளைக்கும் பெய்ய வேண்டும் என்றிருக்கிறது. நம்பாமலே பூசைக்குப் போய்வருகிறவள் யாரிடம் கேட்பது.

ஒக். 22, புதன்

வெயில். விடிந்ததில் இருந்து. தொட்டுப் பார்த்தேன், துணி மொறமொறவென்று. கம்பளைக்காரர் போன் எடுத்தார், பேராதனை தாண்டிவிட்டாராம்.

"காஞ்சிருச்சா?"

இல்லை என்றேன். இன்னும் ஈரம், இன்றைக்கு வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடலாம் என்றேன்.

என்னைப் பார்த்தார். பிறகு வெளியே பார்த்தார்.

"காஞ்சிருச்சு," என்றார். கொஞ்சம் பொறுத்து, "சுருட்டு."

கம்பியைக் கொளுவி விட்டேன். ஸ்பிரிங் இழுத்துக்கொண்டது. கோணாமல், ஒரு சுருக்கமும் இல்லாமல் உள்ளே போனது.