வலிக்கல மேடம்

செஞ்சி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சேரன் அண்ணனுக்கு,

தங்கை அன்புக்கரசி எழுதுவது. எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்க மனசு வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால், "எனக்கு ஒண்ணும் இல்லடா" என்று நைனா போனைப் பிடுங்கிக்கொள்கிறார். அதனால்தான் லீவு முடிந்து நீ இருக்கும் சார்ஜாவுக்குத் திரும்பும் உசைரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பரோட்டா மாவை அடித்து வீசி நைனாவின் வலது முழங்கை போய்விட்டது. சொம்பைத் தூக்கினால் நழுவுகிறது. டாக்டர் அதற்கு டென்னிஸ் எல்போ என்று பெயர் சொன்னார். முதலாளி சிவசங்கர், "இன்னா மாஸ்டர், எங்களுக்குத் தெரியாம எந்த கிரவுண்டுல ஆடிட்டு வர்றே?" என்றாராம். கடையே சிரித்ததாம். நைனாவும் சிரித்தாராம். இவர்கள் அடுப்படியில் வந்த வலிக்கு, பணக்காரன் விளையாட்டின் பெயர்!

ஒரு நாள் லீவுக்கே முகம் சுளிக்கும் அதே முதலாளி, தன் காரிலேயே நைனாவை ஷாக் வேவ் சிகிச்சைக்குக் கூட்டிப்போகிறார். எனக்குச் சந்தேகம் வராதா? மேல்மலையனூர் அமாவாசை வருகிறது. விடிய விடிய கடை வாசலில் பஸ் நிற்கும், பரோட்டாக் கல்லில் ஆள் வேண்டும். கரிசனம் அவ்வளவுதான்.

நானும் கூடப் போனேன். "கரண்டு வெப்பாங்களா?" என்று நைனா வழியெல்லாம் கேட்டார். பிசியோதெரபி செய்யும் மோனிகா, இது கரண்ட் இல்லை, டக்டக்கென்று அழுத்தம்தான் உள்ளே போகும், சில பேருக்குக் குணம் தெரியும், சில பேருக்குத் தெரியாது, கைக்கு ஓய்வும் பயிற்சியும் கட்டாயம் என்றார். ஏமாற்றுகிறவர் இப்படிப் பேசமாட்டார். முதலாளியின் ஆளோ என்று மோனிகா மேல் இருந்த சந்தேகம் அத்தோடு போனது.

மெஷினை எங்கே வைப்பது என்பதற்கு, அதிகம் வலிக்கிற இடத்தை நோயாளிதான் காட்ட வேண்டும். மோனிகா முழங்கையை அழுத்தி அழுத்திக் கேட்கிறார். கால்மாட்டில் முதலாளி நிற்கிறார். நைனாவுக்கு நெற்றியெல்லாம் வேர்வை. ஆனாலும், "அங்க வலிக்கல மேடம். இங்கயும் வலிக்கல" என்கிறார். "அப்புறம் எதுக்குங்க ஐயா வந்தீங்க?" என்று மோனிகா கேட்க, முதலாளி முந்திக்கொண்டு, "பாத்தியா, செரியாப் பூடுச்சு. நாளைக்கே கல்லுக்கு வந்துடு" என்றார். நைனா தலையாட்டினார்.

வீட்டில் சண்டை போட்டேன். "வலிக்குதுன்னா வேற மாஸ்டர வெச்சுடுவாரும்மா" என்றார். அவலூர்பேட்டையில் ஓர் ஆளிடம் பேசி வைத்திருக்கிறாராம் முதலாளி.

மோனிகா வரச் சொன்னதால் புதன்கிழமை மறுபடி போகிறோம், முதலாளியின் காரில்தான். முதலாளியை அறைக்குள் விடாதீர்கள் என்று மோனிகாவிடம் சொல்லிவிட்டேன். அதில் முதலாளி கோபித்து நைனாவின் வேலை போனால், வீட்டுப் பாரம் முழுக்க உன் தலையில்தான் விழும். தெரிந்தேதான் செய்கிறேன். இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். என்னைத் திட்டுவதானால் திட்டு.

இன்னொன்று. போன வாரம் வீடியோவில், செருப்பு மாட்டக் குனிய முடியாமல் சுவரைப் பிடித்தாய். என்ன என்று கேட்டேன். நைனா குரலிலேயே, ஒன்றுமில்லை என்றாய். உசைரிடமாவது எந்த இடத்தில் வலி என்று சொல். எங்களுக்காக எதையும் மறைக்காமல் நன்றாக இரு, அண்ணா.

உன் தங்கை,
அன்புக்கரசி