ஒரு பூ, இரண்டு ஊர்

மே 8, திங்கள்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. லீவு விட்டு முதல் திங்கள். உளுந்து ஊறப்போட்டேன். மோட்டார் ரிப்பேர், குடத்தில் தண்ணீர்.

சாப்பிடும்போது அவர் சொன்னார். கேட்கவில்லை, சொன்னார். “பதினஞ்சாந்தேதி கோத்தகிரி போறோம் அம்மணி. பங்களா காலியா இருக்குதாம். அஞ்சு நாளைக்கு நிம்மதியா இருக்கோணும்.”

யாருக்கு நிம்மதி? போன நாலு தடவையும் கோத்தகிரியில் நான் பார்த்தது: சமையலறை ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி, தொட்டி மேல் காக்காய். அவரும் ஒர்க்‌ஷாப் சிநேகிதர்கள் மூன்று பேரும் வராந்தாவில் சீட்டு. மணிக்கொரு தரம் “டீ வருமா?” என்று குரல். மனைவியைக் கூட்டி வருபவர் இவர் ஒருவர்தான். அதில் அவருக்குப் பெருமை வேறு!

தஞ்சாவூர் போகலாம் என்றேன். வாயில் வந்துவிட்டது.

“மே மாசத்துலயா? வெந்து போயிருவே. அங்க என்ன இருக்குது, கல்லு.”

“அந்தக் கல்லைத்தானுங்க பதினெட்டு வருசமாப் பாடம் நடத்தறேன்.”

“பாடம் நடத்தறதுக்குப் பாக்கோணுமா?” சிரித்தார். ரசத்தை வேகமாக ஊற்றினேன்.

மே 10, புதன்

புழுக்கம். போத்தனூர் பக்கம் இடி மட்டும், மழை இல்லை. மோட்டார் சரியாகிவிட்டது.

இங்கே மட்டும் எழுதுகிறேன். மார்ச்சில் ஏழாம் வகுப்பு, சரித்திரப் பாடம். முன் பெஞ்சுப் பெண் எழுந்தாள். “டீச்சர், பெரிய கோயிலுக்குள்ள போனா மொதல்ல என்னங்க தெரியும்?” புத்தகத்தில் உயரம் இருக்கிறது. கட்டியவர் பெயர் இருக்கிறது. இது இல்லை. “நந்தி” என்று அடித்துவிட்டேன்.

“நீங்க போயிருக்கீங்களா டீச்சர்?”

“ஓ, ரெண்டு தடவை!”

எதற்கு இரண்டு? ஒன்று போதாதா? அத்தனை பிள்ளைகளும் நம்பின. அந்தப் பெண் கண்ணை அகல விரித்துப் பார்த்தாள். வெட்கமாக இருந்தது, இன்னும் இருக்கிறது. ஜூனில் அதே பிள்ளைகள் எட்டாம் வகுப்பு, அங்கேயும் சரித்திரம் நான்தான். பார்க்காமல் அந்த வகுப்புக்குள் கால் வைக்க மாட்டேன்.

கோத்தகிரி: குளிர். நல்ல தூக்கம். ஆள் அரவம் இல்லை. (எனக்கும் அந்தக் குளிர் பிடிக்கும், இல்லை என்று சொல்லக் கூடாது.) சமையல்.

தஞ்சாவூர்: வெயில். கூட்டம். தெரிந்தவர் வீடு கிடையாது, லாட்ஜ்தான். ஹோட்டல் சாப்பாடு, வயிற்றைக் கெடுக்கலாம். சமையல் இல்லை.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

சாயங்காலம் கோபிசெட்டிபாளையத்திலிருந்து நங்கையா போன். அவருடைய அக்கா. தம்பி புகார் சொல்லியாயிற்று போலிருக்கிறது. “ரெண்டு பேரும் எதுக்குக் கண்ணு மல்லுக்கட்டறீங்க? வெள்ளிக்கெழமை வாங்க, அம்மன்கிட்டப் பூக் கேட்டுப்போடலாம்.”

இவர்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் பூதான். கிணறு வெட்ட, பெண் கொடுக்க, லேத் மிஷின் வாங்க. வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். வாதம் கிடையாது. நான் சரி என்றேன். பயம்தான்.

மே 12, வெள்ளி

கோபி. காரில் போய் வந்தோம். வழியெல்லாம் வாழை, வாய்க்கால் நிறையத் தண்ணீர். அவர் வழி நெடுகப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். ஜெயித்துவிட்ட மாதிரி.

நங்கையா வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், வாழையிலையில் மடித்து ஒரே மாதிரி நாரால் கட்டினார். பூசாரி இரண்டையும் குலுக்கி அம்மன் காலடியில் வைத்தார். “மனசுல நெனச்சுக்குங்க” என்றார். கண்ணை மூடினேன். தாயே, தஞ்சாவூர் போகட்டுமா? இந்த ஒரு தடவை.

பூசாரியின் சின்னப் பெண் ஒன்றை எடுத்தாள். பிரித்தால் வெள்ளை!

“அப்பாடா, கோத்தகிரி” என்றார் அவர்.

“தஞ்சாவூருங்க” என்றேன் நான்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நங்கையா இரண்டு பேரையும் பார்த்தார். “அடக் கெரகமே! ஆருடா கேட்டது?”

அவரும் கேட்டிருக்கிறார். நானும் கேட்டிருக்கிறேன். பக்கத்தில் பக்கத்தில் நின்று, கண்ணை மூடி, ஆளுக்கொரு ஊர். எப்போதும் வீட்டில் ஒருவர்தான் கேட்பார். இந்தத் தடவை யார் கேட்பது என்று பேசிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

“இன்னொருக்காக் கேட்டுப்போடலாம்” என்றார் அவர். பூசாரி தலையை ஆட்டினார். “ஒரு காரியத்துக்கு ஒருக்காத்தானுங்க. மறுபடி கேட்டா அம்மனை நம்பலைன்னு ஆயிருமுங்க.”

திரும்பி வரும்போது பாட்டு இல்லை.

மே 13, சனி

பீர்க்கங்காய்க் கூட்டு. உப்பு அதிகம், வேண்டுமென்று போடவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து தீர்ப்பு சொன்னார். “சரி, அம்மன் ரெண்டுக்கும் வெள்ளை குடுத்துருச்சு. இப்பக் கோத்தகிரி. அடுத்த வருசம் உன்ற தஞ்சாவூரு.”

“அம்மன் வருசமெல்லாம் சொல்லலைங்க. உங்களுக்குச் சரின்னுச்சு, எனக்கும் சரின்னுச்சு. நீங்க அங்க போங்க. நானு இங்க போறேன்.”

“தனியாவா?”

“தனியாத்தானுங்க.”

“ஊருக்குள்ள என்ன பேசுவாங்க?”

“பேசட்டுமுங்க. அம்மன் பூக் குடுத்துப் போறேன்னு சொல்லுங்க.”

நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தார். என்னைத் தனியே விட மனசில்லை என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் கொஞ்சம் இளகியிருப்பேன், நிஜமாகவே. அவர் கேட்டது: “அப்பச் சமையலுக்கு?”

இருபத்தொரு வருடக் கல்யாணம். உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துவிட்டேன்.

நங்கையா போனில் திட்டுவார் என்று பயந்தேன். “நம்மூட்டுப் பொம்பளைக ஆரும் தனியாப் போனதில்ல” என்று ஆரம்பித்தார். அப்புறம், “அம்மன் குடுத்ததை நா எப்புடித் தடுக்கறது? பார்த்துப் போயிட்டு வா சாமி. பஸ்ல ஜன்னலோரமா உக்காந்துக்க.”

மே 15, திங்கள்

பெட்டியில்: சேலை நாலு, துண்டு, குடை, தலைவலி மாத்திரை, ஏழாம் வகுப்புச் சரித்திரப் புத்தகம். விடியும் முன்னே கிளம்பினேன். அவர் காரில் குக்கர் ஏற்றிக்கொண்டிருந்தார். “போன் பண்ணு” என்றார், முகத்தைப் பார்க்காமல். பங்களா நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

திருச்சி பஸ். பல்லடம் தாண்டும்வரை பெட்டியை மடியிலேயே பிடித்திருந்தேன். பக்கத்து சீட் அம்மாள்: “கூட ஆருங்க வர்றாங்க?” யாருமில்லை என்றேன். “அட சாமி” என்று சொல்லி எனக்கு ஒரு கொய்யாப்பழம் கொடுத்தார். ஏதோ துக்கம் என்று நினைத்துவிட்டார் போல.

தஞ்சாவூர் சேர்ந்தபோது மூன்று மணி. அனல். முதல் லாட்ஜில் அறை இல்லை என்றார்கள். சாவிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டாவது லாட்ஜில் மேனேஜர் நேராகவே சொன்னார். “தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் குடுக்கறதில்லம்மா.”

வகுப்பில் வரும் குரல் வந்துவிட்டது. “எதுக்குக் குடுக்கறதில்லைங்க? காரணம் சொல்லுங்க. சொல்ற வரைக்கும் இங்கயே உக்காந்திருக்கறேன்.” உட்கார்ந்தேன். பெட்டி மேல் பெட்டி வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் வந்து வேடிக்கை பார்த்தது. கால் மணி நேரம். கடைசியில் பேரேட்டை என் பக்கம் திருப்பினார்.

அறையில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, கட்டிலில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். பிறகு பசித்தது. தயிர் சாதம், வடை. யாரோ சமைத்தது, என்ன ருசி!

மே 16, செவ்வாய்

பெரிய கோயில். செருப்பை வாசலில் விட்டேன். நேரம் தெரியாமல் பதினோரு மணிக்குப் போனது மடத்தனம். உள்ளே போனால் முதலில் தெரிவது நந்தி இல்லை. உள்ளங்கால்! கல் அப்படிச் சுடுகிறது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்பத்து நாலு வயதில் நந்தி மண்டப நிழலுக்கு ஓடினேன். எல்லோரும்தான் ஓடினார்கள். நந்தியும் வருகிறவர்களுக்கு முதுகைத்தான் காட்டுகிறது. இதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

அப்புறம் நிமிர்ந்து பார்த்தேன். எழுத வரவில்லை. வெறுமனே உயரம் என்று கரும்பலகையில் ஒரு எண்ணை எழுதிப்போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், இத்தனை வருடம். நாலு மணி வரை அங்கேயேதான். யாரும் டீ கேட்கவில்லை.

ஜூனில் முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன், அன்றைக்குச் சொன்னது பொய் என்று. சிரித்தால் சிரிக்கட்டும்.

சாயங்காலம் லாட்ஜுக்கு எதிரே எஸ்.டி.டி. பூத்திலிருந்து கோத்தகிரிக்குப் போன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“எப்புடி இருக்குது?”

“பெருசுங்க.”

“ம். இங்க நல்ல குளிரு.” பின்னால் யாரோ எதையோ கீழே போட்ட சத்தம். “நாளைக்கு பஸ் ஏறி வந்துரு அம்மணி. மேட்டுப்பாளையத்துக்குக் கார் கொண்டாறேன். சோறு ரெண்டு நாளாக் கொழஞ்சு கூழாக் கெடக்குது.”

“இன்னும் பாத்து முடியலைங்க. சனிக்கெழமை வாரேன்.”

“சனிக்கெழமையா? அதுவரைக்கும் நாங்க என்ன பண்றது?”

“ஒரு டம்ளர் அரிசிக்கு ரெண்டரை டம்ளர் தண்ணிங்க” என்று சொல்லி போனை வைத்தேன்.