நெட்டையின் வெந்நீர்

மார்ச் 4

இன்றும் வயல் உழுகிற வேலைதான். கடல் தரைக்கு மேலே வண்டியைக் கோடு கோடாக ஓட்டி வரைபடம் எடுத்தேன். ஆளில்லாத வண்டி ஆழத்தில், கேபிள் நுனியில். நான் கப்பலில், ஜாய்ஸ்டிக்கோடு. ஒரு கல்கூட விட்டுப்போகக் கூடாதாம். ஆராய்ச்சிக் குழுத் தலைவியின் உத்தரவு. டீச்சர் என்று பெயர் வைத்திருக்கிறேன். கல்லை எண்ணி யாருக்குக் கல்யாணம் பண்ணப்போகிறார்?

போனில் அம்மா: "கடலுக்கடியில போய் வெந்நீர் எடுக்கணுமா? நம்ம வீட்டு ஹீட்டருக்கு என்ன கேடு?"

மார்ச் 6

மானம் போச்சு. எரிமலைப் பிளவில் கரும்புகை கக்கும் கல் தூண்களில் உயரமானது நெட்டை. அதன் வாய்க்குள் வண்டியின் குழாய் சரியாக நுழையும் முன்பே பாட்டிலைத் திறந்துவிட்டேன். தூணுக்குள்ளிருந்து வரும் வெந்நீரில் மெக்னீசியம் இருக்கவே கூடாதாம், கடல் தண்ணியில்தான் இருக்குமாம். இதில் நிறைய.

டீச்சர்: "இது வெறும் கடல் தண்ணி. மேலயே பக்கெட்டுல மொண்டிருக்கலாம்." எல்லார் முன்னாலும்! மூணு வருஷமா இந்தத் தண்ணிக்கு அலையறாங்களாம். சரி, அதுக்காக?

மார்ச் 7

அலை. வண்டியை இறக்கவில்லை. டீச்சர் முகத்தில் விழிக்கவும் இல்லை.

மார்ச் 8



புயலுக்கு முன் கடைசி முறை. குழாயை நெட்டையின் வாயில் ஆழமாகச் செருகி, சூடு ஏறி நிற்கும்வரை பொறுத்து, நிரப்பி, மூடினேன். அப்பத்தான் கப்பல் ஒரு தூக்கு தூக்கிப் போட்டது. தொய்ந்த கேபிள் வண்டியின் பாட்டில் கூடையில் சுத்திக்கிச்சு. மேலே இழுத்தா இறுகுது.

கேப்டன் மைக்கில்: "காத்து ஏறுது. கால் மணி நேரம் தரேன். அப்புறம் கேபிளை வெட்டிடுவேன்."

வெட்டினால் வண்டியும் போச்சு, தண்ணியும் போச்சு. கூடையைக் கழற்றிவிட்டால் வண்டி மட்டும் தப்பும். எந்த வாயால் கேட்பேன்? திரும்பினேன். டீச்சர் வரைபடத்தில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"நெட்டைக்கு வலப்பக்கம் ஒரு தட்டைப் பாறை இருக்கு. கூடையை அதுமேல வை. போட்டுடாதே, வை. பாட்டில் மூடித்தானே இருக்கு? திரும்பி வரலாம்."

புகையில் கேமரா குருடு. அவர் வரைபடம் பார்த்து வழி சொன்னார், நான் ஓட்டினேன். வைத்தேன். கேபிள் கழன்றது.

வண்டி பத்திரமாக மேலே வந்து சேர்ந்தது. பிறகு அவர் அறைக்குள் அழுகைச் சத்தம். கதவைத் தட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

நவம்பர் 19

மறுபடி அதே கடல், அதே வரைபடம். தட்டைப் பாறைமேல், வைத்த இடத்திலேயே கூடை! மேலெல்லாம் பழுப்புப் பொடி. பாட்டில் மூடி இறுக்கமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டீச்சர் ஆய்வகத்திலிருந்து வந்து எதிரே உட்கார்ந்தார். மெக்னீசியம் கிட்டத்தட்ட பூஜ்யமாம்.

"பக்கெட்டுத் தண்ணி இல்லடி," என்றார்.

எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.