காற்று தட்டாத கேட்

உத்தமபாளையம்
21.7.2002

அன்பு மகன் ரியாசுதீனுக்கு அம்மாவின் அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நானும் உன் அத்தாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அந்தக் குவைத் வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாகத் தூங்கி எழ வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் உன் பெயரைச் சொல்லித்தான் கையேந்துகிறேன். கேட் மாட்டியாச்சா என்று நீ போனில் கேட்டாய், நான் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. மாட்டியாச்சு, ஆனால் நீ படம் அனுப்பிய கேட் இல்லை. உடனே முறுக்கிக்கொள்ளாதே, முழுசாகப் படி, பிறகும் திட்டத் தோன்றினால் திட்டு.

அத்தாவுக்குக் கண் தெரியாத வீடு, எவனும் எட்டிப் பார்க்கக் கூடாது, ஆள் உயரத்துக்கு முழுத் தகடு போட்டு, திறந்தால் மூடினால் சத்தமே வராத கேட் வையுங்கள், ஒரு காலிங் பெல்லும் வையுங்கள் என்று நீ சொன்னதெல்லாம் பாசத்தில்தான், எனக்குத் தெரியாதா. ஆனால் சர்க்கரை கண்ணைக் கொண்டுபோன பிறகு அத்தா எதை வைத்து வாசலைப் பார்க்கிறார்கள் என்பது உனக்குத் தெரியாது. எல்லாம் பழைய கேட்டின் சத்தம்தான். எதிர்வீட்டு மொக்கம்மாள் பால் கேனோடு வந்தால் இடுப்பால் இடித்துத் திறப்பாள், தபால்காரர் திறக்கவே மாட்டார், கம்பியில் தட்டிவிட்டு நிற்பார், உன் தங்கச்சி மிஸ்பா கம்பம் ஊரிலிருந்து வந்தால் கொண்டியைத் தூக்கி அப்படியே தொப்பென்று போட்டுவிடுவாள். அத்தா நாற்காலியில் இருந்தபடியே, மொக்கம்மா வந்துருச்சு, பாத்திரத்த எடு, என்று என்னை விரட்டுவார்கள். வருகிறவர்களை முதலில் பார்ப்பது இன்றைக்கும் அவர்கள்தான், நான் இல்லை. அதில் அவர்களுக்கு ஒரு கர்வமே உண்டு.

இந்த வருஷம் அதைக் காற்று கெடுத்துவிட்டது. ஆனி பிறந்தால் குமுளி மலையிலிருந்து இறங்குமே, தென்னை ஓலையெல்லாம் ஒரே பக்கம் வாரிச் சீவிய மாதிரி நிற்குமே, அந்தக் காற்று. பழைய கேட்டின் கீழ்க்கீல் இற்றுப்போய், கொண்டியும் நிற்காமல், காற்று அதைத் தூக்கித் தூக்கி அடித்தது. நீதான் கேட்டைக் கையால் திறந்த பிள்ளை இல்லையே, காலேஜ் போகிற வயசிலும் கொண்டியைத் தட்டிவிட்டுக் காலால் ஒரு உதை, நானும் எத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தியிருப்பேன். காற்று அடித்த அடி அச்சு அசல் அந்த உதைதான். ஒரு நாள் அசர் தொழுகை நேரம், மயக்கும் வெயில், நாற்று வயலின் வாசனை அடுப்படி வரைக்கும் வருகிறது, எனக்கே பாதி உறக்கம். கேட் டமார் என்றது. எட்டிப் பார்த்தால் அத்தா சுவரைத் தடவிக்கொண்டே போய் வாசலில் நின்று, வாத்தா ரியாசு, சொல்லாமக் கொள்ளாம வந்துட்டியா, ஏன் அங்கனயே நிக்கிற, என்று வெறும் தெருவுக்குக் கையை நீட்டிக்கொண்டு இருக்கிறார்கள். ஒரு நொடி நீ நிஜமாகவே நிற்கிறாயோ என்று நானும் பார்த்தேன் மகனே. பிறகு அவர்களாகவே திரும்பி வந்து, காத்துத்தேன் ஜெய்த்தூன், என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை, உள்ளே போய் அழுதேன்.

மறுநாளே மொக்கம்மாளை இழுத்துக்கொண்டு அனுமந்தன்பட்டியில் கோட்டைச்சாமியின் கிரில் பட்டறைக்குப் போனேன். நீ அனுப்பிய கேட் படத்தைக் காட்டினால், முழுத் தகடா, ஆடி முடியிற வரைக்கும் படபடன்னு அடிச்சுக்கிட்டுத்தேன் கெடக்கும் ஆத்தா, என்றார். பேரிங் வைத்த கேட் ஒன்றைக் காட்டி, பூனை வந்தாக்கூடத் தெரியாது, என்று பெருமை அடித்தார். பூனை மட்டுமா, பிள்ளை வந்தாலும் தெரியாது, அது வேண்டவே வேண்டாம் என்றேன். அங்கே நின்ற கேட்டையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு திறந்து திறந்து மூடினேன். மொக்கம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, ஏக்கா, நீ கேட் வாங்க வந்தியா கச்சேரி கேக்க வந்தியா, என்கிறாள். கடைசியில் காற்று ஊடே போய்விடுகிற மாதிரி இடைவெளி விட்ட கம்பி கேட், கனமான இரும்புக் கொண்டி. காற்று எவ்வளவு தள்ளினாலும் அது எழும்பாது, மனுஷக் கை தூக்கினால்தான் விழும், விழுந்தால் வெற்றிலை இடிக்கிற சத்தம் மாதிரி ணங் என்று ஒன்று. திருடன் பயம் உனக்கு வேண்டாம், இரவில் உள்பூட்டு உண்டு, மொக்கம்மாளுக்கும் எங்கள் வாசல் தெரியும். தகடு போட்டுவிட்டு நான் உள்ளே விழுந்து கிடந்தால் யார் பார்ப்பார்கள் சொல்.

பெயிண்ட் என்ன நிறம் என்று நான் கேட்காமலே அடித்திருப்பேன், அத்தாதான், நாத்துப் பச்சை அடிக்கச் சொல்லு, நட்டுப் பத்து நாள் ஆன பச்சை, என்றார்கள். அடித்த பிறகு கையால் தடவி, வந்துருச்சு, அதே பச்சைதேன், என்று தலையாட்டினார்கள். எப்படித்தான் தெரிந்ததோ. இப்போது காற்று வருகிறது, கேட்டுக்குள் நுழைந்து போய்விடுகிறது, வீடு அமைதியாக இருக்கிறது. மொக்கம்மாளின் புதுச் சத்தத்தை அத்தா மறுநாளே பிடித்துவிட்டார்கள்.

ஒன்றை மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கேட்டின் அடிப்பக்கம் முழங்கால் உயரத்தில் குறுக்கே ஒரு தடித்த இரும்புப் பட்டை இருக்கிறது, நான் சொன்னது இல்லை. இது எதற்கு என்று கோட்டைச்சாமியைக் கேட்டேன். அளவு எடுக்க வந்த அன்றைக்கு அத்தா அவரைத் தனியாகக் கூப்பிட்டு, எம் பையன் வந்தான்னா ஒதச்சுத்தேன் தொறப்பான், கம்பி வளஞ்சுரும், அந்த எடத்துல ஒரு பட்டைய வச்சுக் குடுங்க, என்று சொன்னார்களாம்.

இனி உன்னைக் கத்த மாட்டேன் ராசா. காலிங் பெல் வாங்கி அனுப்பாதே. லீவு கிடைத்தால் தேதியை என்னிடம் சொல்லு, அத்தாவிடம் சொல்லாதே, வந்து வாசலில் குரல் கொடுக்கவும் கொடுக்காதே. கால் வலிமையோடும் நீண்ட ஆயுளோடும் அல்லாஹ் உன்னை எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும், ஆமீன். அந்தப் பட்டையில் இன்னும் ஒரு கீறல்கூட விழவில்லை.

துஆவோடு வழி பார்த்திருக்கும்
உன் அம்மா
ஜெய்த்தூன் பீவி