அட்டையில் இல்லாத இனிஷியல்

ஷோபனா அப்பாவுக்கு,

ஆஸ்பத்திரியில் இருக்கும் பக்கத்து வீட்டு பெங்காலி அக்காவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, முருகன் கோயிலுக்கும் போய் வருகிறேன். ரசத்தைச் சுட வைத்துச் சாப்பிடுங்கள்.

மெயின்லேண்டிலிருந்து நம் தீவுக்கு நம் மகளின் நாவல் இன்று பார்சலில் வரும். தபால்காரருக்கு மோர் கொடுங்கள், பாவம், வெயிலில் வருகிறவர்.

பிரிப்பதற்கு முன் ஒன்று. அட்டையில் 'வெ.' என்ற உங்கள் இனிஷியல் இருக்காது. அவள் இறந்த பிறகு நான்தான் நாவலை அனுப்பினேன்; பதிப்பகத்தார் பெயரை எப்படிப் போடுவது என்று என்னைக் கேட்டார்கள். உயிரோடு இருக்கையில் இந்த நாவலை அனுப்பட்டுமா என்று உங்களிடம் அவள் கேட்டபோது, "திமிங்கிலம் பறக்குதாம், மரம் பேசுதாம்! பாகல்! சுத்தப் பைத்தியம்! இந்தக் கூத்துல எம் பேரப் போட்டு மானத்த வாங்காத" என்றீர்கள். அதன்பிறகு அவள் அதை வெளியே எடுக்கவே இல்லை. கடைசிக் காய்ச்சலில்கூட, "அப்பா பேரு வேணாம்மா, அவருக்குப் பிடிக்காது" என்றாள். அதனால் என் பெயரின் முதலெழுத்தைக் கொடுத்தேன். உங்கள் சொல்லை அவளும் மீறவில்லை, நானும் மீறவில்லை.

கோபத்தில் செய்யவில்லை. முருகன் அறிவான்.

ஒச்சம்மா

பிளாஸ்கில் காபி இருக்கிறது.

இன்னொன்று. "எம் மக புக்கு, எம் பேரோட வருது" என்று ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சங்கத்துக்கு எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறீர்கள். அதை நிறுத்த வேண்டாம். வருகிறவர்களுக்கு நானே கேசரி கிளறித் தருகிறேன். மேடையில் நீங்களே அவள் பெயரைச் சத்தமாக வாசியுங்கள்: ஒ. ஷோபனா. ஏன் என்று யாராவது கேட்டால், பொய் மட்டும் சொல்லாதீர்கள்.