முலாம் அடுப்பு

நவம்பர் 3, 1931. செவ்வாய்.
விடிந்ததிலிருந்து மழை. கச்சேரி ரோட்டில் முழங்கால் தண்ணீர். நகைப் பட்டறையில் சேர்ந்து ஏழு மாதம். அதற்கு முன் பதினோரு வருடம் வீடு வீடாகப் போய்ப் பாத்திரத்துக்கு ஈயம் பூசினேன். புகை பழகினவன் என்றுதான் முதலாளி என்னை முலாம் அடுப்பில் உட்கார வைத்தார். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து, வெள்ளி நகைமேல் தடவி, சூடு காட்ட வேண்டும். ரசம் புகையாகப் போய்விடும். தங்கம் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கல் பதிக்கும் வேலை தருவதாக வாக்கு. அதற்காகத்தான் இதெல்லாம்.
வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், சீயக்காய், சம்சாரம் நூர்ஜகானுக்கு இருமல் மருந்து.

நவம்பர் 6, வெள்ளி.
மழை விட்டது. பல் விளக்கும்போது ஈறில் ரத்தம்.
பக்கத்து அடுப்பு மாணிக்கம் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தும் பாதி சட்டையில். வயது கேட்டேன்.
"முப்பத்தாறு, பாய்."
ஐம்பது என்று நினைத்திருந்தேன்.
"எப்போலேந்து இப்டி?"
"மொதல்ல பல்லு ஆடிச்சு. அப்பால கை."

நவம்பர் 10, செவ்வாய்.
மாணிக்கம் வரவில்லை. அவன் சம்சாரம் வந்தாள். "சோத்தப் பெசய முடில. சும்மா ஒக்காந்துக்கினு அழுவுது. இன்னான்னு கேட்டா தெரிலன்றாரு." முதலாளி தலை நிமிரவில்லை.

நவம்பர் 12, வியாழன்.
கல் பதிப்பவர் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டார். அவர் இடத்தில் நான். நாட்டியக்காரப் பெண்ணுக்குக் கொண்டையில் வைக்கும் ராக்கொடி, பதினாறு சிவப்புக் கல். நாலு சரியாக உட்கார்ந்தன. ஐந்தாவதில் உளி வழுக்கி நகையின் பூவிதழ்த் தகடு கிழிந்தது.
முதலாளி திட்டவில்லை. என் கையைப் பிடித்துப் பார்த்தார்.
"கை ஆடுது பாய்."
"குளிருங்க."
"குளிர் இல்ல. நீங்க அடுப்பாண்டயே இருங்க."

நவம்பர் 13, வெள்ளி.
சட்டைப் பொத்தான் போட வெகு நேரமாயிற்று. நூர்ஜகான் வந்து போட்டுவிட்டாள்.

நவம்பர் 16, திங்கள்.
முதலாளி கூப்பிட்டார். "மாணிக்கம் எடம் காலி. ஒங்க மச்சான் சும்மாத்தானே கீறாரு? இட்டாந்து வுடுங்க. ஒங்களுக்கு நகை தேய்க்கிற வேல தரேன். பொகை கெடையாது."
நூர்ஜகானின் தம்பி ரஹீம். அச்சாபீஸ் வேலை போய் ஐந்து மாதம், எங்களோடுதான். மத்தியானம் வரை மனதில் சரி என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதவே வெட்கம்.
சாயங்காலம் நூர்ஜகான், "ரஹீமுக்குக் கேட்டீங்களா?"
"எடம் இல்லியாம்."
"மாணிக்கம் எடம் கீதுன்னு அவங்க சம்சாரமே சொல்லிச்சே."
ரஹீம் என்னைப் பார்க்காமல், "புடிக்கலன்னா நேராவே சொல்லுங்க மச்சான்."
விளக்கருகே இரண்டு கையையும் நீட்டினேன். நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. அடுப்புப் புகைதான் இப்படி ஆக்கியது என்றேன்.
நூர்ஜகான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நவம்பர் 17, செவ்வாய்.
பட்டறைக்குப் போகவில்லை. ஈயம் பூசும்போது அடுப்பு ஊதுகிற பழைய துருத்தியைப் பரணிலிருந்து இறக்கினோம். தோல் வெடித்திருக்கிறது. தைக்க உட்கார்ந்தேன். ஊசியில் நூல் ஏறவில்லை. ரஹீம் வாங்கிக் கோத்துக் கொடுத்தான்.